ஏழாம் அட்டவணையை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள்: வடக்கு கிழக்குத் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

2024 நவம்பர் 21 ஆம் திகதி பத்தாவது பாராளுமன்றம் முதன்முறையாகக் கூடியது. நீங்கள் சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்ட படங்களைக் கைபேசியில் பார்த்தேன். வேட்டி, சேலை, விபூதி, புதுச் சட்டை எல்லாம் வடிவாகத்தான் இருந்தன. கீழே வாழ்த்துகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவ்வளவு பேரில் ஒருவராவது “என்ன சொல்லிச் சத்தியம் எடுத்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறாரா என்று விரல் நோகும்வரை கீழே கீழே போய்ப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

அதற்கு இரண்டு கிழமைக்கு முதல், எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து உங்களில் ஒருவருடைய பேச்சைக் கேட்டேன். பெயர் வேண்டாம், உங்களில் முக்கால்வாசிப் பேர் அதே பேச்சைத்தான் வேறு வேறு முற்றங்களில் பேசினீர்கள். “ஒற்றையாட்சியை ஒருபோதும் ஏற்க மாட்டோம்” என்றார். நாங்கள் கை தட்டினோம், நானும் தட்டினேன். இரண்டு கிழமை கழித்து அதே மனிதர் பாராளுமன்றம் இருக்கும் தியவன்னா ஓயாக் கரையில் நின்று, இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசின் அரசியலமைப்பைப் போற்றிப் பாதுகாப்பேன் என்று சத்தியம் எடுத்தார். அந்த அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்புரை ஒரே வரிதான்: இலங்கைக் குடியரசு ஒற்றையாட்சி அரசு. அப்படியென்றால் முற்றத்தில் சொன்னது பொய்யா, சபையில் சொன்னது பொய்யா? இரண்டுமே உண்மையாக இருக்க வழி உண்டு என்பதுதான் என் எண்ணம். ஆனால் அந்த வழி எது என்று நீங்கள் எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை, அதுதான் கோபம்.

நானும் அதே சத்தியத்தை எடுத்தவன்தான். 1997 இல் எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்தபோது, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, மருத்துவ அறிக்கை என்று ஒரு கட்டுக் காகிதங்களுக்கு நடுவில் அந்தப் படிவமும் இருந்தது. நான் நின்று வாசிக்கத் தொடங்க, அதிபர் “எல்லாரும் வைக்கிறதுதான், வையும்” என்றார். கையெழுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்து சைக்கிளை மாமரத்தில் சாத்தும்போதுதான் எதற்கு வைத்தேன் என்ற யோசனையே வந்தது. ஆனால் நான் ஒருவரிடமும் போய் வாக்குக் கேட்கவில்லை, உங்கள் உரிமையை வாங்கித் தருகிறேன் என்று மைக் பிடிக்கவில்லை. கணக்குப் படிப்பிப்பேன் என்றேன், படிப்பித்தேன், ஓய்வு பெற்றேன். நீங்களோ இரண்டு இடத்தில் வாக்குக் கொடுத்தவர்கள்.

சரி, என்னதான் சொல்கிறது அந்தச் சத்தியம்? அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. அரசியலமைப்பைப் போற்றிப் பாதுகாப்பேன் என்பது ஒரு பாதி. மற்றப் பாதி: இலங்கையின் ஆள்புலத்துக்குள் தனி அரசொன்று நிறுவப்படுவதை, நேரடியாகவோ மறைமுகமாகவோ, இலங்கைக்குள்ளோ வெளியிலோ, ஆதரிக்க மாட்டேன், ஊக்குவிக்க மாட்டேன், அதற்குப் பணம் கொடுக்க மாட்டேன், பரிந்து பேசவும் மாட்டேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு மூச்சு எங்கள் அரசியலைத் தலைகீழாகப் புரட்டியது, அந்தக் கதையை உங்களில் இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1976 மே 14 இல், தமிழருக்குத் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். அடுத்த ஆண்டு யூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி அதே தீர்மானத்தைத்தான் விஞ்ஞாபனமாக மக்களிடம் கொண்டுபோனது. தனிநாட்டுக்கு ஆணை தாருங்கள் என்று நேரடியாகவே கேட்டார்கள், சுற்றி வளைக்கவில்லை. வெல்லும் உறுப்பினர்கள் தேசிய அரசுப் பேரவையில் (அன்றைய பாராளுமன்றம்) இருந்துகொண்டே தமிழீழத் தேசிய மன்றமாகவும் கூடி அரசியலமைப்பு எழுதுவார்கள் என்றுகூட விஞ்ஞாபனத்தில் இருந்தது. 18 ஆசனங்கள் கிடைத்தன, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆனால் அந்தத் தேசிய மன்றம் ஒருநாளும் கூடவில்லை. அதற்குப் பதிலாக 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் நின்றார்கள். வாக்குப் போட்ட பெடியள் கேட்ட கேள்வியும் நான் இப்போது கேட்கும் கேள்வியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போனபின் அவர்களில் பலர் எந்த வழியில் போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பிறகு 1983. கறுப்பு யூலை நடந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை, கொழும்பில் எங்கள் சனம் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் அகதியாக இருந்தது, வீடு எரிந்தவன் எரிந்த வீட்டைப் போய்ப் பார்க்கவே பயந்திருந்தான். அந்த நேரம் பார்த்து ஜே.ஆர். ஜெயவர்தனாவின் அரசாங்கம், இந்தச் சத்தியத்தை அரசியலமைப்பில் சேர்த்த ஆறாம் திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் 8 இல் சட்டமாகிவிட்டது. தனி அரசுக்கு அமைதியாகப் பரிந்து பேசினாலே போதும், ஏழு ஆண்டு வரை குடியியல் உரிமை போகும், பிழைப்புக்குத் தேவையானது தவிர மிச்சச் சொத்துப் பறிபோகும், கடவுச்சீட்டு எடுக்க முடியாது, அரச பரீட்சை எழுத முடியாது. கலவரத்தில் அடி வாங்கியவனிடமே “இனி வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணு” என்று கேட்ட சட்டம் அது. அதில் எனக்கு இன்றும் இரண்டாவது கருத்துக் கிடையாது.

கூட்டணி உறுப்பினர்கள் அந்தச் சத்தியத்தை எடுக்கவில்லை. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு மூலம் பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே ஆறு ஆண்டு நீட்டியிருந்தார்கள். மக்கள் தந்த ஆணை முடிந்தபின் ஆசனத்தில் இருப்பதில்லை என்று கூட்டணி ஏற்கனவே சொல்லியிருந்தது, அதோடு இந்தச் சத்தியமும் சேர்ந்துகொண்டது. சபைக்குப் போகவில்லை, சபையின் அனுமதியில்லாமல் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் ஆசனம் வெற்றிடமாகும் என்பது விதி, அக்டோபரில் ஆசனங்கள் போயின. 1977 இல் சொன்னதைச் செய்யவில்லை என்று அவர்கள்மேல் எனக்கு எத்தனையோ குறை உண்டு. ஆனால் இந்த இடத்தில் அவர்கள் நேர்மையாக நடந்தார்கள். இந்த வாக்குறுதியோடு இந்தச் சத்தியம் ஒத்துவராது என்று கண்டார்கள், கதிரையை விட்டார்கள். அதற்கு முன் 1972 இல் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் அப்படித்தான், புதிய குடியரசு அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்டக் காங்கேசன்துறை ஆசனத்தை விட்டுவிட்டு, முடிந்தால் இடைத்தேர்தல் வைத்துப் பார் என்றார். அரசாங்கம் 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்து வைத்தது, பெரிய வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

நீங்களும் கதிரையை விடுங்கள் என்று சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். காலம் வேறு, கேட்பதும் வேறு. இன்றைக்கு உங்களில் ஒருவருடைய விஞ்ஞாபனத்திலும் தனிநாடு இல்லை. சமஷ்டி (கூட்டாட்சி) இருக்கிறது, சுயநிர்ணய உரிமை இருக்கிறது, தேசம் என்ற சொல் இருக்கிறது, இணைந்த வடக்கு கிழக்கு இருக்கிறது. இதெல்லாம் ஏழாம் அட்டவணையோடு முட்டுகிறதா? இந்தக் கேள்வி உயர் நீதிமன்றத்துக்கே போய்த் தீர்ப்பும் வந்துவிட்டது. அதை உங்களில் எத்தனை பேர் மேடையில் சொல்லியிருக்கிறீர்கள்? நான் போன கூட்டம் ஒன்றிலும் கேட்கவில்லை.

2014 இல் சந்திரசோம என்பவர் வழக்குப் போட்டார், இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு எதிராக. அந்தக் கட்சியின் நோக்கம் தனி அரசுதான், அப்படி அறிவித்துவிடுங்கள் என்பது மனு. கட்சி யாப்பில் இருந்த சொற்களையே தோண்டி எடுத்தார்கள், ‘சமஷ்டி’ என்றால் என்ன, ‘இணைப்பாட்சி’ என்றால் என்ன என்று கொழும்பில் நீதியரசர்களுக்கு முன் தமிழ்ச் சொல்லாராய்ச்சி நடந்தது. (எங்கள் பண்டிதர்மார் உயிரோடு இருந்திருந்தால் திண்ணையில் இருந்து ரசித்திருப்பார்கள்.) 2017 ஆகஸ்ட் 4 இல் பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான மூவர் அமர்வு மனுவைத் தள்ளியது. இருக்கிற நாட்டுக்குள் சமஷ்டி ஆட்சி வேண்டும் என்று கேட்பது பிரிவினை ஆகாது, சுயநிர்ணய உரிமைக்கு நாட்டுக்குள்ளேயே நிறைவேறும் ஒரு முகம் உண்டு, அதைக் கோருவதும் தனி அரசு கோருவதும் ஒன்றல்ல. தீர்ப்பின் சாரம் அதுதான்.

இதோடு 82, 83 ஆம் உறுப்புரைகளையும் சேர்த்துப் படியுங்கள். அரசியலமைப்பை எப்படி மாற்றலாம் என்று அரசியலமைப்பே சொல்லித் தருகிறது. ஒற்றையாட்சி என்ற இரண்டாம் உறுப்புரையைக்கூட மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் இருந்தால் மாற்றலாம். ஆகவே அரசியலமைப்பைப் பாதுகாப்பேன் என்று சத்தியம் எடுத்த ஒருவர், அதே அரசியலமைப்புத் திறந்து வைத்திருக்கும் கதவால் போய் அதை மாற்றக் கேட்டால், அது சத்தியத்தை மீறுவதல்ல. முற்றத்தில் சொன்னதும் சபையில் சொன்னதும் இரண்டுமே உண்மையாக இருக்க வழி உண்டு என்றேனே, அந்த வழி இதுதான். இதைச் சொல்ல உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். ஏன் சொல்வதில்லை?

என் ஊகத்தைச் சொல்லட்டுமா? சொல்லாமல் விட்டால் இரண்டு பக்கத்திலும் வசதி. ஊருக்குள் வரும்போது சத்தியத்தைப் பற்றிப் பேச்சே இராது, வீராவேசம் மட்டும் இருக்கும், 83 ஆம் உறுப்புரை கேட்கும் சர்வசன வாக்கெடுப்பில் சிங்கள மக்களில் பெரும்பகுதியினரும் சம்மதித்தால்தான் காரியம் நடக்கும் என்ற கசப்பான உண்மையை எங்களிடம் சொல்லத் தேவையில்லை. கொழும்புக்குப் போனபின், ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்டால் “எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது, ஆறாம் திருத்தம் இருக்கிறதே” என்று பெருமூச்சு விடலாம். ஒரே சத்தியம், ஓரிடத்தில் ஒளித்து வைக்கப்படுகிறது, இன்னோரிடத்தில் சாக்காக எடுத்து வைக்கப்படுகிறது. அடுத்த தீபாவளிக்குள் தீர்வு என்ற வசனம் எங்கள் பக்கத்தில் பகிடியாகிப் போனது சும்மா இல்லை.

சொல்லை வைத்து விளையாடுவதும் இதில் ஒரு பங்கு. 2017 செப்டெம்பரில் அரசியலமைப்புப் பேரவையின் வழிப்படுத்தும் குழு ஓர் இடைக்கால அறிக்கை தந்தது. அதில் நாட்டின் தன்மைக்குச் சிங்களத்தில் ‘ஏக்கிய ராஜ்ய’, தமிழில் ‘ஒருமித்த நாடு’. அதே ‘ஏக்கிய’ என்ற சிங்களச் சொல்தான் இன்றைய அரசியலமைப்பில் ஒற்றையாட்சிக்கும் இருக்கிறது. சிங்களவர் தங்கள் சொல்லைப் படித்துவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று நிம்மதி அடையலாம், தமிழர் தங்கள் சொல்லைப் படித்துவிட்டு ஒற்றையாட்சி போய்விட்டது என்று சந்தோசப்படலாம். கெட்டித்தனம்தான். ஆனால் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைக்கும் நாளில் அது உடைந்து விழும் என்று யோசிக்கவில்லையா? அந்த முயற்சி அதற்கு முதலே படுத்துவிட்டது, அது வேறு விசயம்.

இன்னொரு வாதத்தையும் கேட்டிருக்கிறேன், கடைத் திண்ணையில் இருந்து புலம்பெயர் வானொலி வரைக்கும். கட்டாயத்தில் எடுத்த சத்தியம் சத்தியமே இல்லை, வாயால் சொன்னோம், மனதால் சொல்லவில்லை. 2013 இல் வடமாகாண சபைக்குத் தெரிவானவர்களில் ஒருவர், மற்றவர்களோடு சேராமல் முள்ளிவாய்க்காலுக்குப் போய் அங்கே சத்தியப்பிரமாணம் எடுத்தார். அந்த மண்ணுக்குச் செய்த மரியாதை எனக்கு விளங்குகிறது, அதில் பகிடி பண்ண ஒன்றுமில்லை. ஆனால் இடம் மாறியதால் வாசகம் மாறவில்லை. கட்டாயம் என்ற கதைக்கு என் பதில் இதுதான்: நான் கையெழுத்து வைத்தது கட்டாயம் என்று சொன்னால் கொஞ்சம் பொருந்தும், அந்த வேலை இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. உங்களை யாரும் துவக்கைக் காட்டி வேட்புமனுவில் கையெழுத்து வைக்கச் சொல்லவில்லை. ஆறாம் திருத்தம் அநியாயம் என்றால் (அநியாயம்தான்) அதை நீக்கு என்று சபையில் எழுந்து சொல்லுங்கள். அமைதியாகக் கருத்துச் சொல்வதைக் குற்றமாக்கும் சட்டத்தை எதிர்ப்பது தனி அரசு கேட்பதாகாது. அதைச் செய்யாமல், வாயால் எடுத்தேன் மனதால் எடுக்கவில்லை என்றால், எங்களுக்குத் தந்த வாக்குறுதியையும் அப்படித்தான் தந்தீர்களோ என்று நான் யோசிக்க மாட்டேனா?

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விசயம். அந்தச் சத்தியத்தை உங்களைக் கட்டிப்போட்ட கயிறாக மட்டுமே பார்க்கிறீர்கள். அதை வைத்துக் கேள்வி கேட்கலாம் என்று ஏன் தோன்றவில்லை? சபையில் இருக்கும் 225 பேரும் எடுத்தது இதே சத்தியம். ஜனாதிபதியும் பதவியேற்கும்போது அரசியலமைப்பைப் பாதுகாப்பதாகத்தான் சத்தியம் எடுக்கிறார். அந்த அரசியலமைப்பில் 1987 முதல் பதின்மூன்றாம் திருத்தம் இருக்கிறது. மாகாண சபைகள் இருக்கின்றன, காணி அதிகாரம் இருக்கிறது, பொலிஸ் அதிகாரம் இருக்கிறது, தமிழும் அரச கரும மொழி என்ற வரி இருக்கிறது. காணி, பொலிஸ் அதிகாரங்களைத் தர மாட்டோம் என்று தெற்கில் மேடைக்கு மேடை எத்தனை பேர் வாக்குறுதி கொடுத்தார்கள், வென்று வந்து அரசியலமைப்பைப் பாதுகாப்பேன் என்று கை உயர்த்தினார்கள்! தேர்தல் வாக்குறுதி சத்தியத்தோடு முட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே பாருங்கள். நாங்கள் கேட்பது சட்டத்தை மாற்றச் சொல்லி, சட்டம் காட்டும் வழியில். அவர்கள் சொன்னது இருக்கிற சட்டத்தை நடத்த மாட்டோம் என்று. இதில் எது சத்தியத்தை மீறுவது?

வடமாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு, நான் இதை எழுதும் வரைக்கும், தேர்தல் இல்லை. அரசியலமைப்பில் எழுதப்பட்ட ஒரு சபை ஆண்டுக்கணக்கில் ஆளுநரின் கையில் கிடக்கிறது. தாங்கள் எடுத்த சத்தியத்தின் பெயரால் எழுந்து நின்று “உங்கள் சத்தியம் எங்கே?” என்று எங்கள் உறுப்பினர்கள் கேட்டிருந்தால் அது தலைப்புச் செய்தியாகியிருக்கும். பிரிவினைவாதி என்று திட்டுவதற்கு அவர்களுக்கு இடமே இருந்திராது. இந்த ஆயுதத்தை நாற்பது ஆண்டாக உறையோடு வைத்துக்கொண்டு, அது எங்களைக் குத்துகிறது என்று அழுகிறோம்.

தேசிய மக்கள் சக்தியில் நின்று வென்ற எங்கள் ஊர் உறுப்பினர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைச் சனம் உங்களுக்குத்தான் தந்தது. சபையில் உங்கள் பக்கம் 159 பேர், மூன்றில் இரண்டுக்கு 150 போதும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றீர்கள். 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது, என் வயதுக்காரருக்கு அதன் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். அதை நீக்க எந்தச் சத்தியம் குறுக்கே நிற்கிறது? ஒன்றுமில்லை. புதிய அரசியலமைப்பு என்றீர்கள், அதற்கும் எண்ணிக்கை கையில் இருக்கிறது. ஆறாம் திருத்தம் கைகட்டியது என்று சொல்லும் வசதி மற்றவர்களுக்காவது உண்டு, உங்களுக்கு அதுவும் இல்லை.

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. அடுத்த தேர்தலுக்கு, அது மாகாண சபையோ பாராளுமன்றமோ, விஞ்ஞாபனம் அடிக்கும்போது நீங்கள் எடுக்கப்போகும் சத்தியத்தின் முழு வாசகத்தையும் அதன் முதல் பக்கத்தில் போடுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: இதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், இதற்கு மூன்றில் இரண்டு வேண்டும், இதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும், இதற்கு ஒரு சட்டமும் வேண்டாம், அமைச்சர் ஒரு வர்த்தமானி போட்டால் போதும் என்று. மேடையில் நின்று கை தட்டல் வாங்கும் வசனங்களில் பாதி அந்தப் பட்டியலில் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கேட்கிறேன். வாக்குக் குறையும் என்று சொல்வீர்கள். குறையலாம். 2024 இல் உண்மை சொல்லியா குறைந்தது?

எங்கள் சனசமூக நிலையம் உங்களுக்குத் தெரியும், எல்லாரும் ஒருமுறையாவது வந்திருக்கிறீர்கள், அதே முற்றம், அதே கதிரைகள், மைக் மட்டும் மாற்றியிருக்கிறோம். அடுத்தமுறை வரும்போது நான் முன்வரிசையில் இருப்பேன். பேச்சைத் தொடங்க முதல் ஏழாம் அட்டவணையை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பேன், பிறகு விஞ்ஞாபனத்தை வாசியுங்கள். தமிழ்ப் பிரதி கையில் இல்லை என்று சொல்ல வேண்டாம். ஐம்பது போட்டோக் கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன், காசு தரத் தேவையில்லை.

இப்படிக்கு,
உங்களுக்கும் உங்களுக்கு முன் இருந்தவர்களுக்கும் வாக்குப் போட்ட ஓர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்